இறைக்காத பன்னிரண்டு நாட்கள்

பராசக்தி இறைப்பு நாளில் யாரோடும் அதிகம் கதைக்கமாட்டாள். ஆறு நாளுக்கு ஒருமுறை வருகிற தண்ணீர். அன்றைக்கு ஊர்ப் புதினம் கேட்டுக்கொண்டு நின்றால் கடைசிப் பாத்தி காய்ந்துவிடும் என்பது அவள் எண்ணம். கிணற்றடியில் புருஷன் கதிரவேலு தண்ணீர் இறைக்கிற மிசினோடு நிற்பார். அவள் மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்று, ஒரு பாத்தி நிரம்பியதும் அதன் வாயை அடைத்து அடுத்ததற்குத் தண்ணீரைத் திருப்பிவிடுவாள். கலியாணம் செய்த நாளிலிருந்து முப்பது வருஷமாக இதுதான் ஏற்பாடு. மாசி மாதத்து அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் நாலாவது பாத்தியில் மண்வெட்டியை ஊன்றிவிட்டுக் குனிந்து, ஒரு கை தண்ணீரை அள்ளி வாயில் விட்டாள். விட்ட வேகத்தில் துப்பினாள்.

வெங்காயத்துக்கு அன்று முப்பத்தெட்டு நாள். தாள்கள் நிமிர்ந்து பச்சைப்பசேலென்று நிற்க வேண்டிய வயது. நுனிகளோ யாரோ நெருப்புக் குச்சியால் தடவிக்கொண்டு போனதுபோலக் கருகிக் கிடந்தன. போன முறை நுனியில் ஒரு நகக்கண் அளவு கருகல். இந்த முறை அரை விரல்.

"இஞ்சருங்கோ, மிசினை நிப்பாட்டுங்கோ" என்று கூப்பிட்டாள்.

கதிரவேலு நிறுத்தாமலே வந்தார். அறுபத்தொரு வயது, நெடிய ஆள், நடக்கும்போதும் யாருக்கோ பதில் சொல்லத் தயாராகப் போகிறவரைப் போலத்தான் நடப்பார். தாளைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "வெய்யில்" என்றார். "மாசி வெய்யிலுக்கு நுனி கருகிறது புதுசே?"

"வெய்யில் உப்புக் கரிக்குமே?"

அவர் பதில் சொல்லாமல் கிணற்றடிக்குத் திரும்பிப் போனார். நிறையக் கதைக்கிற மனுஷன் கதைக்காமல் போனால் அவருக்கும் தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். பராசக்திக்கு அதுதான் ஆத்திரமாக வந்தது.

நீர்வேலியிலிருந்து கிழக்கே போனால் வருகிற விளாம்புலத்தில் அந்தக் கிணற்றுக்கு ஆறு பங்கு. காணி உறுதியில் 'கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் ஆறில் ஒரு பங்கு' என்று எழுதியிருக்கும். பங்குக்கு ஒரு நாள் இறைப்பு முறை. இரண்டு பங்குக்காரர் கனடாவில், ஒருவர் கொழும்பில். அவர்களுடைய நாளில் கிணறு ஊறட்டும் என்று விட்டுவிடுவார்கள். தேவையென்றால் தொலைபேசியில் கேட்டுவிட்டுத்தான் இறைப்பார்கள். கேட்காமல் இன்னொருவன் முறையில் தண்ணீர் எடுத்தவன் என்ற பெயர் அந்த ஊரில் களவெடுத்தவன் என்ற பெயரை விட மோசமானது. மண்ணில் நிற்கிற பங்குக்காரர் மூன்று பேர்: கதிரவேலு குடும்பம், புருஷன் செத்த பிறகு தனி ஆளாக மிளகாய்த் தோட்டத்தை இழுக்கிற அற்புதராணி, விவசாய டிப்ளோமா படித்துவிட்டு வந்து முந்நூறு வாழை வைத்திருக்கிற நிருஷன்.

கிணற்றுக்கு மேற்கே கூப்பிடு தூரத்தில் கிடங்கு. கல்லுக் கொம்பனி கல் எடுக்க வெட்டுகிற பெரிய பள்ளம். அது எப்படி வந்தது என்று கேட்டால் வெளியூர்க்காரனுக்குச் சிரிப்பு வரும். விளாம்புலத்துக்காரர் மட்டும்தான் அப்படியொரு பிழை விட்டிருக்க முடியும்.

அந்த ஊரில் ஒரு முழம் தோண்டினால் அலவாங்கு கல்லில் இடிக்கும். இருக்கிற தோட்டமெல்லாம் ஆட்கள் செய்த தோட்டம். பாட்டன்மார் அலவாங்கு போட்டுக் கல்லைப் பெயர்த்து, அந்தக் கல்லாலேயே வேலி கட்டி, குளத்து மண்ணை வண்டிலில் ஏற்றிவந்து பறித்து, ஒரு பரப்பு இரண்டு பரப்பாகச் சேர்த்தது. ஆகவே கல் வெளியே போவதென்றால் அவர்களுக்கு நல்ல காரியம். கல் போன இடத்துக்குப் பின்னால் மண் வரும், மண்ணுக்குப் பின்னால் பயிர் வரும். நாலு வருஷத்துக்கு முன்னால் கொம்பனி வந்து, சும்மா கிடக்கிற கல்லுத்தரையைத் தாருங்கள், கல்லை எடுத்துவிட்டு மண் நிரப்பித் தோட்டமாகத் தருகிறோம் என்றது. பாட்டன் முதுகு முறியச் செய்த வேலையை மிசின் வந்து செய்யப் போகிறது என்று ஊரே வாயைப் பிளந்தது. எவ்வளவு ஆழத்துக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. கதிரவேலு சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் விளக்கம் சொன்னார். கடதாசியில் முதலாவது கையெழுத்து அவருடையது. அவருக்குப் பின்னால் பதினொரு பேர் போட்டார்கள்.

கல் போனது. மண் வரவில்லை. கிடங்கு நாற்பது அடிக்கு இறங்கித் தண்ணீரைத் தொட்டது. தண்ணீர் நின்றால் கல் வெட்ட முடியாது என்று பெரிய மோட்டர் ஒன்றைப் பூட்டி, இரவு பகலாக இறைத்து வெள்ளவாய்க்காலில் விட்டார்கள். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலேதான் நிற்கிறது, அது குறைந்தால் உப்பு மேலே ஏறும் என்பது அங்கே பிறந்த எல்லாருக்கும் தெரியும். அதனாலேதான் கிணற்றைக்கூட அளவுக்கு மேல் ஆழமாக்க விடமாட்டார்கள். தெரிந்த விஷயத்தைக் கிடங்கோடு பொருத்திப் பார்க்க நாலு வருஷம் எடுத்தது. அதற்குள் பராசக்தியின் குசினியில் பருப்பு அவிய மறுத்தது, தேத்தண்ணீரில் பால் திரைந்தது, பிரதேச சபைப் பவுசர் கொண்டுவருகிற தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கவும் வேண்டியதாயிற்று.

அந்தக் கிழமைதான் கூட்டுறவுச் சங்கக்கடைச் சுவரில் அறிவித்தல் ஒட்டியிருந்தது. கிடங்கை வடக்கே குளக்கட்டு வரைக்கும் இன்னும் பதினாலு ஏக்கர் அகட்டப் போகிறார்கள்; பதினாறு நாள் கழித்து வெள்ளிக்கிழமை பொதுநோக்கு மண்டபத்தில் அதிகாரிகள் வந்து மக்கள் கருத்தைக் கேட்பார்கள். மழைகாலத்து வெள்ளம் முழுக்க அந்தக் குளத்தில் நின்று ஊறித்தான் ஊர்க் கிணறுகளுக்குப் போகிறது. குளத்தின் காலடியில் வெட்டினால் பிறகு ஊறுவதற்கு என்ன இருக்கிறது என்று பராசக்தி சங்கக்கடையில் வைத்தே கேட்டாள்.

எல்லாரும் ஓம் என்று தலையாட்டவில்லை. கிடங்கில் டிப்பர் ஓடுகிற சுரேஸ், "அக்கா, நான் சவுதிக்குப் போகாமல் பிள்ளையளோடை வீட்டை நிக்கிறன் எண்டால் உந்தக் கிடங்காலைதான்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை, பராசக்தியால் மறுத்துச் சொல்லவும் முடியவில்லை. வீடு கட்டுகிறவன் கல்லுக்கு எங்கே போவான் என்று இன்னொருவர் கேட்டார். நிருஷனோ, கொம்பனி எஞ்சினியர் வந்து விளங்கப்படுத்தினவர், உவர் ஏறுகிறதற்குக் காரணம் தோட்டக்காரர் மிசின் வைத்துக் கணக்கில்லாமல் இறைக்கிறதுதானாம், படித்த புத்தகத்திலும் அப்படித்தான் கிடக்கிறது என்றான்.

இது அவளைச் சுட்டது. பாதி உண்மையானபடியால் இன்னும் சுட்டது. இரண்டு நாள் அதையே மனதில் உருட்டிக்கொண்டு திரிந்தாள். புட்டுக்கு மா குழைக்கும்போது உருட்டினாள், மாட்டுக்கு வைக்கோல் போடும்போது உருட்டினாள். சனிக்கிழமை பின்னேரம் நிருஷனையும் அற்புதராணியையும் மிசின் கொட்டிலுக்கு வரச் சொன்னாள். அதற்கு முன்னமே கனடாவுக்கும் கொழும்புக்கும் கதைத்து முடித்திருந்தாள்.

"நாங்கள் இறைக்கிறதாலைதான் உவர் எண்டால், இறைக்காமல் விடுவம்" என்றாள். "நாளையிலையிருந்து பன்னிரண்டு நாள். ஆளுக்கு ரெண்டு முறை. ஒருத்தரும் மிசினைத் தொடுறேல்லை. காலமை ஆறு மணிக்குக் கிணத்தை அளப்பம். தண்ணி நிண்ட இடத்திலை நிண்டால் பிழை எங்கடை, நான் கூட்டத்திலை வாய் திறக்கமாட்டன். இறங்கினால், இறைக்கிறது ஆரெண்டு தெரியவரும்."

கதிரவேலுவுக்கு இது அப்போதுதான் தெரியும். "உனக்கென்ன விசரே?" என்றார். "வெங்காயம் உண்டாகிற நேரம்."

"விசர்தான்."

நிருஷன் நிபந்தனை வைத்தான். அளக்கிற கயிறு தன் கையில் இருக்க வேண்டும் என்றான். மாசியில் இறைக்காவிட்டாலும் கிணறு ஏழு நாளுக்கு இரண்டு விரல் இறங்கும், அதைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும் என்றும் சொன்னான். பராசக்தி எல்லாவற்றுக்கும் ஓம் என்றாள். அற்புதராணி தன் மிளகாய்த் தோட்டத்தை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். முதலாவது பழம் ஆய்ந்தாயிற்று, மிச்சம் கடவுள் விட்ட வழி என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த நாள் காலையிலிருந்து அளந்தார்கள். கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டி இறக்கி, தண்ணீர் முட்டுகிற இடத்தில் பராசக்தியின் பழைய சேலைத் துணியில் ஒரு கீலம் கட்டுவார்கள். நாளுக்கு ஒரு கீலம். கயிற்றைப் பிடிப்பது நிருஷன், முடிச்சுப் போடுவது அற்புதராணி. கதிரவேலு அந்த நேரத்தில் வேலியோரம் ஏதாவது வேலை கண்டுபிடித்துக்கொள்வார்.

கிணறு இறங்கியது. நாளுக்கு இரண்டு விரல், சில நாள் அதற்கும் கூட. தொட்டவர் யாரும் இல்லை, தண்ணீர் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. நிருஷன் ஐந்தாம் நாள் கயிற்றை மூன்று தரம் இறக்கிப் பார்த்தான். அவன் முகம் மாறத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

வெங்காயமும் அதே கணக்கில் போனது. தாள் முதலில் வெளிறியது, பிறகு மண்ணில் சாய்ந்தது. பராசக்தி தினமும் போய்ப் பார்த்தாள். பார்க்காமல் இருப்பது அந்தப் பயிருக்குச் செய்கிற துரோகம் என்று நினைத்தாள்.  பவுசர்த் தண்ணீரில் ஒரு வாளியைக் கொண்டுபோய்த் தெளிக்கலாமோ என்று ஒருநாள் கை பரபரத்தது. பிறகு அதையே காரணம் காட்டிக் கதை கட்டுவார்கள் என்று வாளியைத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

எட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அது கதிரவேலு வீட்டு முறை. பராசக்தி முருங்கையிலை வறை வறுத்துக்கொண்டிருந்தாள். யன்னலால் பார்த்தால், மனுஷன் ஒரு கையில் மண்ணெண்ணெய்க் கானும் மறு கையில் மிசின் இழுக்கிற கயிறுமாகக் கிணற்றடிக்குப் போகிறார். வறையை அடுப்பிலேயே விட்டுவிட்டு, கரண்டியும் கையுமாகவே குறுக்குப் பாதையால் ஓடி மிசினுக்கு முன்னால் போய் நின்றாள்.

"தள்ளு" என்றார்.

"இண்டைக்கு எட்டாம் நாள்."

"இண்டைக்கு என்ரை முறை. என்ரை முறையிலை இறைக்கிறதுக்கு நான் ஆரைக் கேக்க வேணும்?"

"ஒருத்தரையும் கேக்கத் தேவையில்லை. கயித்தைச் சுத்தி இழுங்கோ, மிசின் வேலை செய்யும். வெள்ளிக்கிழமை கொம்பனிக்காரர் வந்து, இவை இறைச்சுப்போட்டு எங்களிலை பழி போடினம் எண்டு சொல்லட்டும்."

"வெங்காயம் சாகுதடி."

"தெரியும். நானும்தானே நட்டனான்."

அவர் கானைக் கீழே வைத்தார். கிணற்றுக் கட்டில் இருந்தார். மேற்கே கிடங்கு மோட்டர் இறைத்துக்கொண்டிருந்தது.

"உனக்கு விளங்கேல்லை" என்றார். "உந்தக் கிணறு கிடங்காலைதான் பழுதாப்போச்செண்டு நீ காட்டிப்போட்டால், பேந்து சனம் ஆரைக் கேக்கும்? கொம்பனியைக் கேக்காது. சைக்கிளிலை வீடு வீடாத் திரிஞ்சு கையெழுத்து வேண்டினது ஆரெண்டு கேக்கும். அற்புதராணியின்ரை மனுசன் எனக்காகத்தான் அதிலை கையெழுத்து வைச்சவன். அவன் இப்ப இல்லை. அவளின்ரை முகத்தை நான் எப்பிடிப் பாக்கிறது?"

இவ்வளவு நாளும் அந்த மனுஷன் இதைத் தனக்குள்ளே வைத்திருந்திருக்கிறார். பராசக்திக்குக் கோபமும் இரக்கமும் ஒன்றாக வந்தன. ஆனால் இரக்கத்தைக் காட்டினால் அவர் கயிற்றை எடுத்துவிடுவார் என்று பயந்தாள்.

"கேப்பினம்" என்றாள். "கேக்கட்டும். நீங்கள் களவெடுக்கேல்லை, பிழை விட்டனீங்கள். பிழையெண்டு சொல்ல ஏலாமல் இப்ப வெங்காயத்துக்குப் பின்னாலை ஒளிக்கிறீங்கள்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அடிப்பார் என்று அவள் நினைக்கவில்லை; அழுதுவிடுவாரோ என்றுதான் நினைத்தாள். இரண்டும் நடக்கவில்லை. கயிற்றைச் சுருட்டி அவள் கையில் தந்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். அன்றைக்குச் சோறு போட்டு வைத்தது மூன்று மணிவரை மூடியபடியே கிடந்தது. பிறகு வந்து சாப்பிட்டார், வறை கருகிப்போச்சு என்று குறையும் சொன்னார்.

திங்கட்கிழமை காலை ஒன்பதாவது கீலம் கட்டியபோது கிணறு மொத்தம் ஒரு சாணும் ஆறு விரலும் இறங்கியிருந்தது. அன்று மத்தியானம்தான் கதிரவேலு திடீரென்று சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தி, "நிண்டுபோச்சு" என்றார்.

என்ன என்று கேட்க முதலே பராசக்திக்கும் விளங்கிவிட்டது. கிடங்கு மோட்டர் ஓயாமல் ஓடுகிறது என்பதையே ஊர் மறந்துபோயிருந்தது. இப்போது ஓய்ந்தபிறகு செவிக்குள் ஏதோ கழன்றதுபோல இருந்தது. பழுதாம், சாமான் வர இரண்டு நாள் செல்லுமாம் என்று சுரேஸ் வந்து சொன்னான்.

செவ்வாய் காலை கிணறு நாலு விரல் ஏறி நின்றது. புதன் காலை ஒரு சாண் ஏறி நின்றது. வானத்தில் ஒரு துளி மழை இல்லை. நிருஷன் கயிற்றைச் சுருட்டினான். பிறகு, "அக்கா, நான் அண்டைக்குச் சங்கக்கடையிலை சொன்னதை மனசிலை வைச்சிராதேங்கோ" என்றான். புதன் பின்னேரம் மோட்டர் திரும்ப ஓடத் தொடங்கியது. வியாழன் காலை கிணறு பழையபடி இறங்கியது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. மேசைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். பக்கத்தில் கொம்பனி எஞ்சினியர், மடிப்புக் குலையாத சேட்டோடு. சுரேஸ் எழும்பி வேலை வேண்டும் என்றான், அதை எழுதினார்கள். இன்னும் நாலைந்து பேர் வேண்டுமென்றும் வேண்டாமென்றும் சொன்னார்கள், அதையும் எழுதினார்கள். பராசக்தி தன் முறை வந்ததும் கயிற்றைக் கொண்டுபோய் மேசையில் நீட்டி விரித்தாள். பன்னிரண்டு கீலமும் வரிசையாகக் கிடந்தன. எந்த நாள் எது, எந்த நாள் மோட்டர் நின்றது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னாள்.  நிருஷன் எழும்பி, அளந்தது நான், சொன்னது சரி என்றான்.

எஞ்சினியர் மரியாதையான மனுஷன். கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோப்பைத் திறந்து, நிலத்தைத் திருத்தித் தரும்படி கிராமத்து மக்களே கேட்டுக்கொண்டதன் பேரில்தான் அகழ்வு தொடங்கியது என்று நிதானமாக வாசித்தார். கையெழுத்திட்டவர்களின் பெயர்களையும் வாசித்தார். முதலாவது பெயர் கதிரவேலு. மூன்றாவதாக அற்புதராணியின் புருஷனின் பெயர் வந்தது. மண்டபத்தில் இருந்த தலைகள் எல்லாம் ஒரு பக்கமாகத் திரும்பின.

பராசக்தி தன் புருஷனைப் பார்க்கவில்லை. அவர் எழும்பி வெளியே போனாலும் தான் அவ்விடத்திலேயே நிற்பது என்று தீர்மானித்திருந்தாள். பின்னால் யாரோ கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்புகிற சத்தம் கேட்டது.

"அது என்ரை கையெழுத்துத்தான்" என்றார் கதிரவேலு. "எங்கடை அப்பு அலவாங்காலை கல்லுக் கிண்டி மண் போட்டவர். நீங்களும் அதைத்தான் செய்யப் போறியள் எண்டு நான் நினைச்சன். எவ்வளவு ஆழமெண்டு கேக்கேல்லை. கேட்டிருக்க வேணும்."

எழுதுகிற அதிகாரி, உங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று பதியட்டோ என்று கேட்டார்.

"அப்பிடி எழுதாதேங்கோ ஐயா. கதிரவேலு பிழை விட்டவன் எண்டு எழுதுங்கோ. மற்றப் பதினொரு பேரும் என்னை நம்பிக் கையெழுத்து வைச்சவை எண்டும் எழுதுங்கோ. பிழை விட்டவன் சொல்லுறான், இனி ஒரு அடியும் வெட்ட வேண்டாமெண்டு. அதையும் எழுதுங்கோ."

அவர் சொல்லி முடித்தும் உட்காராமல் நின்றார். அற்புதராணி முன்வரிசையிலிருந்து திரும்பி அவரைப் பார்த்து, "இருங்கோ அண்ணை" என்றாள். அதற்குப் பிறகுதான் இருந்தார்.

மூன்று அதிகாரிகளும் தங்களுக்குள் கதைத்தார்கள். பிறகு மூத்தவர் சொன்னார்: கயிற்றையும் கீலத்தையும் அறிக்கையில் சேர்க்க முடியாது. தங்கள் உத்தியோகத்தர் கருவியோடு வந்து அளந்தால்தான் செல்லும். திங்கட்கிழமை தொடங்கிப் பன்னிரண்டு நாள் அளக்கலாம். ஆனால் அந்தப் பன்னிரண்டு நாளும் தோட்டக்காரர் திரும்பவும் இறைக்காமல் இருக்க வேண்டும். முடியுமா?

எஞ்சினியர் கோப்பை மூடினார். முடியாது என்று அவருக்குத் தெரியும். மண்டபத்திலிருந்த எல்லாருக்கும் தெரியும்.

பராசக்தி கணக்குப் பார்த்தாள். அவளுடைய வெங்காயம் செத்தாயிற்று. ஓம் என்று சொல்ல அவளுக்கு இனி ஒரு நட்டமும் இல்லை. மிளகாய் இன்னும் அரை உயிரில் நிற்கிறது. நிருஷனின் வாழை குலை தள்ளி நிற்கிறது, சித்திரை வருஷத்துக்கு வெட்ட வேண்டிய குலைகள். மற்றவன் பயிரை வைத்து வாக்குக் கொடுக்க அவளுக்கு உரிமை இல்லை. வேண்டுமென்றே நிருஷன் இருந்த பக்கம் பார்க்காமல் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினாள்.

"என்ரை வாழைக்கு நான் தண்ணி விடமாட்டன்" என்று நிருஷன் சொன்னான்.  "எழுதுங்கோ."

அற்புதராணி எழும்பக்கூட இல்லை. "மிளகாய்க்கும்" என்றாள்.

பின்வரிசையிலிருந்து ஒருவர், பக்கத்துக் கிணற்றுக்காரர், இவ்வளவு நாளும் வாயே திறக்காதவர், எங்கடை கிணத்தையும் சேர்த்து அளந்து பாருங்கோ, நாங்களும் இறைக்கமாட்டம் என்றார். அவரைத் தொடர்ந்து இன்னும் இரண்டு கிணற்றுக்காரர் கையை உயர்த்தினார்கள். எஞ்சினியர் மூடிய கோப்பைத் திரும்பத் திறந்து எதையோ தேடினார்.

மூத்த அதிகாரி, சரி, திங்கட்கிழமை எட்டரைக்கு உத்தியோகத்தர் வருவார் என்று சொல்லிக்கொண்டே எழுதினார். பராசக்தி கயிற்றை இடுப்பில் செருகிக்கொண்டு மேசைக்குக் கிட்டப் போனாள்.

"எட்டரை சரிவராது ஐயா. வெய்யில் ஏற முதல் அளக்க வேணும். ஆறு மணி."

கந்தோர் திறப்பதே எட்டரைக்குத்தான் என்றார் அவர்.

"நாங்கள் பயிரைச் சாகவிட்டு நிக்கிறம்" என்றாள் பராசக்தி.

அவர் அவளை ஒருதரம் பார்த்தார். பிறகு எட்டரையை வெட்டிவிட்டு, மேலே ஆறு என்று எழுதினார்.